சாக்பீஸ் கோடு

இருதயராஜ் அந்த ஜிம்மில் சேர வந்தபோது அவருக்கு வயது முப்பத்தெட்டு. மகனைச் சேர்க்க வந்திருக்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மாஸ்டர் குணவதி அவரைவிட ஒன்பது வயது சின்னவள். காசிமேட்டில், மூடிப்போன ஐஸ் பேக்டரிக்குள் அவள் பார்க்கூர் சொல்லிக்கொடுத்தாள். ஓடுவது, சுவர் ஏறுவது, மாடி விட்டு மாடி தாவுவது, அதற்கெல்லாம் உடம்பைத் தயார் செய்வது.

அவருடைய தம்பி பெலிக்ஸும் அவளிடம்தான் கற்றான். போன மார்ச்சில், இரண்டு மொட்டைமாடிகளுக்கு நடுவே பதினோரடி இடைவெளியைத் தாவும்போது, நாலாவது மாடியிலிருந்து விழுந்து செத்தான். யானைக்கும் அடி சறுக்கும் என்று சாவு வீட்டில் ஆறுதல் சொன்னார்கள். சொல்வதற்கு என்ன, விழுந்தது அவர்கள் வீட்டுப் பிள்ளை இல்லையே.

அந்த ஜிம்மில் ஒரு வழக்கம் உண்டு. தோளில் சுமந்து உட்கார்ந்து எழும் அதிகபட்ச எடையை அவரவர் பெயருக்கு எதிரே சுவரில் சாக்பீஸால் எழுதுவார்கள். பெலிக்ஸ், 160. அதை அழிக்க யாருக்கும் மனம் வரவில்லை. இருதயராஜ் தினமும் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே எடை தூக்கினார். துறைமுகத்தில் மூட்டை சுமந்து காய்த்துப்போன தோள் அவருக்கு. முழங்கால் வீங்கி, படியிறங்கச் சுவரைப் பிடித்துக்கொள்ளும் நிலை வந்தும் நிறுத்தவில்லை.

பெலிக்ஸைப் பற்றி இருவரும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. அவருக்குக் கேட்கப் பயம். அவளுக்குச் சொல்லப் பயம்.

நினைவு நாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது அவர் 165 கிலோ தூக்கினார். கூட இருந்தவர்கள் கைதட்டினார்கள். அவர் சிரிக்கவில்லை. சாக்பீஸை எடுத்துக் குணவதியிடம் நீட்டினார்.

"ஞாயித்துக்கிழமை அந்த மாடியில நான் தாவப் போறேன், மாஸ்டர்."

"எதுக்குண்ணா?"

"பலம் பத்தல, கால் எட்டலன்னு சொன்னாங்க. எவ்ளோ பலம் இருந்திருந்தா எந்தம்பி பொழச்சிருப்பான்? அது எனக்குத் தெரியணும்."

குணவதி சுவர்ப்பக்கம் போகவில்லை. குனிந்து தரையில் நீளமாக ஒரு கோடு போட்டாள். அந்தக் கோடுதான் மாடியின் விளிம்பு என்றாள். ஜிம்மின் மறுகோடியிலிருந்து முழு வேகத்தில் ஓடிவர வேண்டும். அவள் கை தட்டினால் கோட்டுக்குள் நிற்க வேண்டும். தட்டாவிட்டால் தாவலாம்.

அவர் ஓடிவந்தார். கோட்டுக்கு இரண்டு எட்டு இருக்கும்போது அவள் தட்டினாள். கோட்டைத் தாண்டி ஒரு முழம் போய்த்தான் நின்றார்.

மறுபடி ஓடச் சொன்னாள். மறுபடியும் தாண்டினார். ஒரு தடவை மெதுவாக ஓடிப் பார்த்தார். அவள் திருப்பி அனுப்பினாள். பதினைந்தாவது தடவை கோட்டுக்கு அந்தப்பக்கம் குப்புற விழுந்து உள்ளங்கைத் தோல் உரிந்தது. மற்றவர்கள் எடைகளைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

இருதயராஜுக்குக் கோபம் வந்தது. பதினொரு மாதத்தில் அன்றுதான் அவளிடம் ஒருமையில் பேசினார்.

"நான் தாவுறதப் பத்திக் கேட்டேன். நீ நிக்கச் சொல்லிட்டிருக்க."

குணவதி கோட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"பெலிக்ஸுக்குப் பலம் இருந்துச்சுண்ணா. பதிமூணடி தாவுவான். அன்னிக்குக் காலைல எதிர் மாடி விளிம்புல யாரோ துணி காயப்போடக் கம்பி கட்டியிருக்காங்க. அவன் ஓட ஆரம்பிச்ச பிறகுதான் நான் பாத்தேன். நில்லுன்னு கத்துனேன்."

இருதயராஜ் ரத்தம் கசியும் கையைப் பனியனில் துடைத்துக்கொண்டார்.

"அவனுக்குக் கேக்கலயா?"

"கேட்டுச்சு. என்னைத் திரும்பிப் பாத்தான். கால் நிக்கல." அவள் கலைந்துபோயிருந்த கோட்டைத் தொட்டாள். "நாலு வருஷம் எங்கிட்ட இருந்தாண்ணா. நிக்கிறதுக்கு ஒரு நாள்கூட நான் அவனைப் பழக்கல."