கூடைக்கு வெளியே ஒரு வால்

மிருகங்களும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்திலேயே ஆனைக்கல் மலைக்கோட்டையில் ராஜா இல்லை. இடிந்த மதிலும் காலியான நெற்களஞ்சியமும்தான் மிச்சம். அங்கே செவத்தி என்ற குரங்கு தன் ஒற்றைக் குட்டியோடு குடியிருந்தாள்.

ஒருநாள் தூரத்து ஊரிலிருந்து ஏழுமலை, மனைவி பூங்காவனத்தையும் மூன்று பிள்ளைகளையும் வண்டி கட்டிக் கூட்டிவந்தான், கோட்டை பார்க்க. மூச்சு வாங்க ஏறினார்கள், சுனையோரம் உட்கார்ந்து கட்டுச்சோறு தின்றார்கள், செவத்திக்கும் ஓர் உருண்டை கொடுத்தார்கள். நல்ல மனிதர்கள்தான், குறை சொல்ல முடியாது.

வெயில் தாழ்ந்ததும், பாத்திரமும் துணியும் கிடந்த கூடையை அப்படியே தூக்கித் தலையில் வைத்தாள் பூங்காவனம். துணிக்கு வெளியே ஒரு சின்ன வால் தொங்கியது. சோற்று வாசனைக்கு உள்ளே இறங்கிய குட்டி தூங்கிவிட்டிருந்தது. செவத்திக்குத் திக்கென்றது.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"போயிட்டு வர்றோம் செவத்தி!" என்று வாய் நிறையச் சொன்னாள் பூங்காவனம்.

செவத்தி குழம்பிப்போனாள். குரங்குக் கூட்டத்தில் போகிறவள் 'போறேன்' என்பாள், வருகிறவள் 'வர்றேன்' என்பாள். இவளோ ஒரே மூச்சில் போகவும் செய்கிறாள், வரவும் செய்கிறாள். எதை நம்புவது? கடைசியாகச் சொன்னது 'வர்றோம்'. சரி, திரும்பத்தானே போகிறார்கள், தூங்குகிற பிள்ளையை எழுப்புவானேன் என்று மதில்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

வண்டி மாட்டின் மணிச்சத்தம் தேய்ந்து ஓய்ந்தது. மதில் இடுக்கிலிருந்து ஓணான் எட்டிப் பார்த்தது.

"யாருக்குக் காத்துக்கிட்டிருக்கே?"

"பூங்காவனம் வர்றேன்னு சொன்னாளே!"

"அடி பைத்தியக்காரி! 'போறேன்'னு சொன்னா ஆகாதாம் அவங்களுக்கு. போறதைத்தான் அப்படிச் சொல்லுவாங்க."

செவத்தி விழுந்தடித்து ஓடினாள். அடிவாரத்தில் பாதை நாலாகப் பிரிந்தது. நாலிலும் வண்டித்தடம் இருந்தது. எதில் ஓடுவது என்று தெரியாமல் நின்றாள்.

மறுநாள் ஏறிவந்தவர்களிடம் கேட்டாள். "பார்த்தா சொல்றோம். போயிட்டு வர்றோம்" என்றார்கள். அதற்குப் பிறகு அவள் மனிதரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏறிவருகிறவர்கள் கையிலிருந்த கூடையைப் பிடுங்கினாள், கவிழ்த்தாள், தேடினாள்.

திருட்டுக் குரங்கு என்று நாம் கம்பை ஓங்குகிறோம். கிடைத்த பழத்தைத் தின்பதும் உண்மைதான், தேடி அலைந்தால் பசிக்காதா? ஆனால் அன்று தொட்டுத்தான், நம் பையைப் பிடுங்கும் மலைக்கோட்டைக் குரங்கு பழத்தோடு விடுவதில்லை. அடியில் கிடக்கும் துணிவரை உதறிப் பார்க்கிறது.