ஃபோன் எடுக்கும் முன்

“சரியாகச் சொன்னாலும் ஏன் மேடம் ‘வேற?’ன்னு கேட்கறீங்க?”

டாக்டர் பிரிசில்லா பல நாள் அடக்கி வைத்திருந்த கேள்வி அது.

டாக்டர் வினோதினி அடுத்த ஸ்லைடை வைத்தார்.

மூளையில் நறுக்கி எடுத்த துணுக்கைப் பார்த்து இன்ன நோய் என்று சொல்லும் சிறப்புப் பயிற்சி அது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். ஸ்லைடை நகர்த்தும் திருகு ஆசிரியர் பக்கம். ஆபரேஷன் தியேட்டருக்குப் பேசும் ஃபோனும் அவர் பக்கம்தான்.

ஆசிரியர் வினோதினி வயதில் இளையவர். மாணவி பிரிசில்லாவுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. மாவட்ட ஆஸ்பத்திரி வேலைக்கு லீவு போட்டு, பிள்ளைகளைக் கணவரிடம் விட்டு, ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வந்தவர்.

“என்ன தெரியுது?”

“மூளை உறையில வர்ற கட்டி.”

“வேற?”

“வேற ஒண்ணும் இல்ல மேடம். அதேதான்.”

“அதேதான்,” என்றார் வினோதினி. “வேற?”

பிரிசில்லாவுக்கு அழுகை வந்தது. இந்த வயதில் அழுதால் நன்றாகவா இருக்கும் என்று அடக்கிக்கொண்டார்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் வார்டுக்குப் போய் நோயாளியைப் பார்த்துவிட்டு வருவார்.

“ஸ்லைடுக்கு முகம் தேடறீங்களா?” என்று வினோதினி சிரிப்பார்.

அந்த வாரம் பிரிசில்லா பார்த்துவிட்டு வந்தவர் அஞ்சப்பன். நாகப்பட்டினம் துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவர். நாக்கு குழறத் தொடங்கியதும் அழைத்து வந்திருந்தார்கள். மூளையில் பேச்சுக்கான இடத்தில் வீக்கம். ஸ்கேன் பார்த்த எல்லோரும் கட்டி என்றார்கள்.

“கடல் சத்தத்துக்கு மேல பேசற மனுஷன் இவரு,” என்றார் அவர் மனைவி. “பேச்சு போயிட்டா வீட்டுல உட்காரமாட்டாரு. செத்துப் போயிருவாரு.”

மறுநாள் காலை தியேட்டரில் அஞ்சப்பனின் மண்டையைத் திறந்தார்கள். துளி திசு கீழே லேபுக்கு வந்தது. டெக்னீஷியன் சாயமேற்றிக் கொண்டுவந்து வைத்தார்.

கட்டி என்று சொன்னால் மேலே தியேட்டரில் சர்ஜன் டாக்டர் அன்வர் எட்டியவரை வெட்டி எடுப்பார். அதற்காகக் கத்தியோடு காத்திருந்தார்.

வினோதினி பார்த்தார். பெரிய பெரிய கோணல் செல்கள். இரண்டாகப் பிளந்து பெருகுவதுபோல் ஒரு செல்.

“கட்டிதான். மோசமான வகை,” என்று ஃபோனை எடுக்கக் கை நீட்டினார்.

“வேற?”

கேட்டது பிரிசில்லா. கேட்டுவிட்டு அவரே பயந்துபோனார்.

வினோதினியின் கை ஃபோன் மேலேயே நின்றது.

“என்ன சொன்னீங்க?”

“இல்ல மேடம்… ஓரத்துல நுரை நுரையா சில செல் போச்சு. குப்பை அள்ள வர்ற செல் மாதிரி. கட்டியில அவ்வளவு இருக்குமா?”

“எங்கே? காட்டுங்க.”

“திருகு உங்க பக்கம் இருக்கு. நான் எப்படி மேடம் காட்டறது?”

வினோதினி எழுந்தார். மேஜையைச் சுற்றி வந்து மாணவியின் நாற்காலி அருகே நின்றார்.

“அங்கே போங்க.”

பிரிசில்லா ஆசிரியரின் நாற்காலியில் உட்கார்ந்தார். பரவலாகக் காட்டும் சின்ன லென்ஸுக்குப் போனார். மெல்ல நகர்த்தினார். நுரை செல்கள் ஒன்றிரண்டு இல்லை. ஸ்லைடு முழுக்க இருந்தன.

ஃபோன் அடித்தது. பிரிசில்லா ஸ்பீக்கர் பட்டனைத் தட்டினார்.

“அங்க ஸ்லைடு பார்க்கறீங்களா, சீரியல் பார்க்கறீங்களா?” அன்வரின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

மாணவியின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த வினோதினி, கண்ணை எடுக்காமல், பேசச் சொல்லி ஃபோனைக் காட்டினார்.

“சார், பிரிசில்லா பேசறேன்.”

“மேடம்கிட்ட குடுங்கம்மா.”

வினோதினி ஃபோன் பக்கம் குனிந்தார். “மேடம் கட்டின்னு சொல்ல இருந்தாங்க சார். தடுத்தது இவங்க. இவங்க சொல்றதைக் கேளுங்க.”

பிரிசில்லா ஒரு மூச்சு இழுத்துக்கொண்டார்.

“கட்டி இல்ல சார். நரம்போட மேலுறை உரிஞ்சு வீங்கியிருக்கு. மருந்துக்குக் கேட்கும். இதுக்கு மேல எடுக்காதீங்க.”

“ஸ்கேன் கட்டிங்குதே?”

“ஸ்கேன் சொல்லட்டும் சார்.”

“நீங்க சொல்றது தப்பா இருந்தா?”

“மறுபடி திறந்துக்கலாம். வெட்டினதை ஒட்ட வைக்க முடியாது சார். அவர் பேச்சு அங்கதான் இருக்கு.”

ஃபோனில், கத்தியைத் தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது.

“மூடறேன்,” என்றார் அன்வர்.

அன்று இரவு பிரிசில்லாவுக்குச் சாப்பாடும் இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை. சிறப்புச் சாயம் போட்ட ஸ்லைடுகள் மறுநாள் வந்ததும் ஒவ்வொன்றாக லென்ஸுக்கு அடியில் வைத்தார். நரம்பு இழைகள் அப்படியே இருந்தன. மேலுறை மட்டும் உரிந்திருந்தது.

வினோதினி பார்த்துவிட்டு ரிப்போர்ட்டை அவர் பக்கம் தள்ளினார்.

“முதல் கையெழுத்து நீங்க போடுங்க.”

சில வாரம் கழித்து ஒரு காலை, வராந்தாவில் பெரிய சத்தம் கேட்டது.

“என்னைத் தொடாம காப்பாத்துன டாக்டரம்மா எந்த ரூமுங்க?”

“மெதுவா பேசுங்கய்யா, ஆஸ்பத்திரி,” என்றார் வாட்ச்மேன்.

“மெதுவா பேச எனக்கு வராதுங்க!”

பிரிசில்லா வெள்ளைக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

“போயிட்டு வாங்க டாக்டர். இல்லேன்னா அவர் ஏலம் விட ஆரம்பிச்சிருவார்,” என்றார் வினோதினி.

போய்விட்டுத் திரும்பி வந்தபோது பிரிசில்லாவின் கண் சிவந்திருந்தது. தலை நிமிர்ந்திருந்தது.

மைக்ராஸ்கோப்பில் புது ஸ்லைடு இருந்தது. மாணவியின் நாற்காலியில் வினோதினி உட்கார்ந்திருந்தார். திருகுப் பக்கம் காலியாக இருந்தது.

பிரிசில்லா உட்கார்ந்து ஸ்லைடை நகர்த்தினார். இம்முறை வினோதினி முதலில் நோயின் பெயரைச் சொன்னார்.

சரியான பெயர்தான். பிரிசில்லாவும் அதையேதான் நினைத்தார். ஃபோனை எடுத்தார்.

வினோதினி லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எதற்கோ காத்திருந்தார்.

“என்ன மேடம்?”

“கேளுங்கக்கா.”