நாற்காலிச் சேலை

"டீச்சர், அவரே வாங்கிட்டுப் போயிட்டாரு."

மாடிப்படி ஏறி வந்த மூச்சு அடங்குமுன்னே ஆவுடையம்மாள் இதைச் சொன்னாள்.

"யாரு?" என்றாள் ஜெபராணி. தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"முதலாளி. யாரைத் திட்டி அந்தத் துணியச் செஞ்சேனோ, அவரேதான்."

ஜெபராணி டீச்சர் ரதவீதியில், மோட்டார் காயில் கட்டுகிற கடைக்கு மேல்மாடியில், துணியில் படம் செய்யச் சொல்லிக்கொடுக்கிறவள். துணியில் பெயிண்ட் அடிப்பாள், தைப்பாள், அப்புறம் சுடுவாள். சுடுவதென்றால் அடுப்பில் இல்லை. கார்க் கண்ணாடிக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்கள் கையில் அனல் ஊதுகிற ஹீட் கன் ஒன்று இருக்குமே, அது. அதைப் போட்டால் தெருவில் பாதி வீட்டு விளக்கு மங்கும். ஒருதரம் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் தாலி கட்டுகிற நேரம் பார்த்துப் போட்டுவிட்டாள். மங்கின வெளிச்சத்தில் மாப்பிள்ளை கை பெண்ணின் அக்கா கழுத்துப் பக்கம் போய்விட்டதாம். அக்காவும் குனிந்துவிட்டாளாம்.

ஆவுடையம்மாள், எதிர்ச்சாரியில் இருக்கிற பவளக்கொடி ஜவுளி மாளிகையில் சேலைப் பிரிவில் நின்றவள்.

நின்றவள் என்றால் நின்றவள்தான். விற்கிற பெண்களுக்கு அங்கே நாற்காலி கிடையாது. உட்காரவும் கூடாது. அவள் நின்ற இடத்தில் மொசைக் தரை குழிந்து, மழை பெய்தால் இரண்டு குடம் தண்ணீர் பிடிக்கும் என்பார்கள். கடைக்குள் எப்படி மழை பெய்யும் என்று கேட்கிறவன் எழுந்து போகலாம்.

போன தீபாவளிக் கூட்டத்தில், கால் வீங்கி, ஒரு துணி பண்டல் மேல் சாய்ந்தாள். சாய்ந்தது கேமராவில் உட்கார்ந்த மாதிரி தெரிந்தது. மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அந்தக் கோபத்தோடு தெருவைக் கடந்தவள்தான், நேரே ஜெபராணியின் மாடிக்கு வந்துவிட்டாள். ஜெபராணி அவளைவிடப் பத்து வயது இளையவள். இருந்தாலும் டீச்சர் டீச்சர்தானே.

"எந்தத் துணி? அந்தக் காலு தச்சதா?"

"அதேதான். நம்ம பால்கனியில தொங்கவிட்டிருந்தோம்லா. வந்தாரு, பாத்தாரு. 'ஏ ஆவுடை, இம்புட்டு வேலைப்பாடு தெரியுமா ஒனக்கு, நல்லாருக்கே'ன்னாரு."

"நீங்க என்ன சொன்னிய?"

ஆவுடையம்மாள் தரையைப் பார்த்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லல டீச்சர். நல்லாருக்குன்னு அவரு வாயில வந்த ஒடனே, என் கை தானா மடிச்சுக் கவர்ல போட்டுருச்சு."

ஜெபராணி இப்போது தலையைத் தூக்கினாள்.

"சிரிக்காதிய டீச்சர். வீங்கின காலு, நரம்பு நரம்பா நீல நூல்ல தச்சிருந்தேன். அதக் கொண்டுபோயி கல்யாணப் பட்டுப் பிரிவுல மாட்டிட்டாரு. மேல ஒரு லைட்டு வேற. யாரோ ஒரு அம்மா சாமி பாதம்னு நெனச்சு மல்லியப்பூ வச்சிட்டா. இப்ப குங்குமம்லாம் வைக்காவ."

"வேண்டுதல் பலிக்குதா?"

"பலிக்குதாம் டீச்சர்! அதத்தான் தாங்க முடியல. உள்ள நிக்கிற பிள்ளைகள்லாம் என்னைப் பாத்தாச் சிரிக்குதுவ. 'யக்கா, நீ போயிட்ட, ஒன் காலு மட்டும் இங்கயேதான் நிக்கி'ங்குதுவ."

அவள் மூக்கைச் சிந்தி, முந்தானையில் துடைத்தாள்.

"அவரு கடைச் சுவத்துல தொங்கவே முடியாத ஒண்ணு நான் செய்யணும். இல்லன்னா, என் கோவமும் அவரு சரக்குதான்."

ஜெபராணி ஊசியைக் குத்தி வைத்தாள்.

"எப்படி மடிச்சிய?"

"எதை?"

"காலை."

"நாலா மடிச்சேன்."

"நல்லா மடிஞ்சுதா?"

"மடிஞ்சுது."

"அப்ப மடியாத ஒண்ணு கொண்டாங்க யக்கா" என்று சொல்லிவிட்டு டீச்சர் தைக்கப் போய்விட்டாள்.

* * *

ஆவுடையம்மாள் ஒரு வெள்ளைத் துணியில் கெட்டிப் பெயிண்டை அப்பினாள். ஓடு மாதிரி காய்ந்தது. தட்டினால் டங் டங் என்று கேட்டது.

கொண்டுவந்து நீட்டினாள்.

ஜெபராணி அதை வாங்கி, தொடையில் வைத்து ஒரு அமுக்கு அமுக்கினாள். இரண்டாய் மடிந்தது. நாலாய் மடித்தாள். தரையில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, "ஒங்களுக்குப் பிடிக்கவே பிடிக்காத துணி ஒண்ணு கொண்டாங்க" என்றாள்.

ஆவுடையம்மாள் இறங்கிப் போனாள். படியில் அவள் மிதித்த மிதியில் கீழ்க்கடையில் ஒரு மோட்டார் தானாக ஓடியது.

* * *

அடுத்த தடவை வரும்போது அவள் கையில் யூனிபார்ம் சேலை இருந்தது. பவளக்கொடியில் கொடுத்த ரெண்டில் ஒன்று. நைஸ் பாலியஸ்டர். கத்திரிப்பூ நிறம், மயில் பார்டர்.

"ஒங்களுக்குப் பிடிக்காத துணி இதுதானா?" என்றாள் ஜெபராணி.

"இதத் தொவைச்ச தண்ணிய முருங்கைக்கு ஊத்தினேன். முருங்கை செத்துப் போச்சு."

சேலை நெடுக அவள் நாற்காலிகள் தைத்திருந்தாள். முக்காலி, கைவைத்த நாற்காலி, பள்ளிக்கூட பெஞ்சு, சாய்வு நாற்காலி. யாரும் உட்காரவில்லை. வெறும் நாற்காலிகள். ஒவ்வொன்றும் அவ்வளவு நேர்த்தி. அந்தக் கடையில் இல்லாத நாற்காலி எல்லாம் அந்தச் சேலையில் இருந்தது.

ஜெபராணி ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தாள். ஜன்னலைத் திறந்துவிட்டாள். முகத்தில் கட்ட ஒரு மாஸ்க்கையும், கையில் ஹீட் கன்னையும் கொடுத்தாள்.

"சுடுங்க."

"எங்க?"

"நாற்காலி இல்லாத எடமெல்லாம்."

ஆவுடையம்மாள் பொத்தானை அமுக்கினாள். விளக்கு மங்கியது.

அனல் பட்ட இடத்தில் சேலை சுருங்கியது, ஓட்டை விழுந்தது, ஓட்டை பெருகியது. அவள் சிரித்தாள். மயில் பார்டரில் ஒரு மயில் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடிப்போனது. "போட்டி போ!" என்று அதைத் துரத்திச் சுட்டாள்.

அப்புறம்தான் கவனித்தாள். நாற்காலியும் ஓடிக்கொண்டிருந்தது.

கால் போயிற்று. கை போயிற்று. நூல் நூலாய் உருகிச் சேலையோடு சேர்ந்து சுருண்டது. கடைசியில் மேஜைமேல் கிடந்தது, எண்ணெயில் பொரித்த கத்திரிக்காய் வற்றல் போல ஒரு உருண்டை.

ஆவுடையம்மாள் ஹீட் கன்னை அணைத்தாள்.

"எந்த நூல்ல தச்சிய?" என்றாள் ஜெபராணி.

"சேலைக்கு மேட்சிங்காத்தான் பாத்து எடுத்தேன். அதே நெறம். அதே பாலியஸ்டர்."

"ம்."

"நூலும் உருகும்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தடவிப் பாத்தியே, அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

ஆவுடையம்மாளுக்குக் கண் சிவந்துவிட்டது. டீச்சர் என்பதும் மறந்துபோயிற்று.

"அப்ப ஏன்ட்டி சொல்லல? ராவும் பகலும் தச்சது! சொல்லிருந்தா நூல மாத்திருப்பேம்லா!"

"நூல மட்டும் மாத்திருப்பிய" என்றாள் ஜெபராணி.

ஆவுடையம்மாள் உருண்டையைத் தூக்கி டீச்சர் மேலே எறிந்தாள். குறி தப்பவில்லை.

நெற்றியைத் தடவிக்கொண்டே ஜெபராணி கேட்டாள்.

"யக்கா, அவரு குடுத்தது ரெண்டு சேலைலா?"

* * *

இரண்டாவது சேலையை எடுத்துக்கொண்டு ஆவுடையம்மாள் நூல் கடைக்குப் போகவில்லை.

பவளக்கொடியின் பின்வாசலுக்குப் போனாள். சூரத்திலிருந்து வருகிற பண்டல்களைப் பிரித்துப் போட்ட குப்பை அங்கே கிடந்தது. கோணியும், கோணியைத் தைத்த தடித்த பருத்தி நூலும். அழுக்கு வெள்ளை. உலகத்தில் எந்தச் சேலைக்கும் மேட்ச் ஆகாத நிறம்.

வாட்ச்மேன் கேட்டார். "என்ன ஆவுடை, குப்பையக் கிண்டுத?"

"நான் சாஞ்ச பண்டலத் தேடுதேன் அண்ணாச்சி."

வீட்டில் உட்கார்ந்து தைத்தாள். தைக்கத் தைக்கக் கை மேட்சிங் நூலைத் தேடியது. பூப்போட்ட சேலைக்குக் கோடு போட்ட ரவிக்கை கேட்ட வாடிக்கையாளரிடம்கூடச் சண்டை போட்டு மேட்ச் பார்த்துக் கொடுத்த கை அது. பாதியில் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து தைத்தாள்.

இந்தத் தடவை நாற்காலிகள் நேர்த்தியாய் இல்லை. முரடாய், தடியாய், காலைப் பரப்பிக்கொண்டு நின்றன. நாற்காலிக்கு நாற்காலி நூலை இழுத்து வலை மாதிரி கட்டினாள். தரைக்குப் பூசுகிற சிவப்பு ஆக்சைடு பெயிண்டை நூல்மேல் மட்டும் தடவினாள். காய்ந்ததும் நூல் கம்பியாய் விறைத்தது.

மாடிக்கு வந்தாள். டீச்சரிடம் காட்டவில்லை. ஹீட் கன்னை அவளே எடுத்தாள்.

சேலை உருகி விலகியது. நூல் அசையவில்லை.

கடைசி மயிலும் ஓடி முடித்தபோது, மயில் போன ஓரத்துக் கரையும், நடுவே சிவப்பு நாற்காலிகளும், மற்றபடி வெறும் காற்றுமாக ஒன்று தொங்கியது.

ஜெபராணி சுற்றிவந்து பார்த்தாள். பால்கனியில் கொடிக்கயிறு கட்ட ஆணி எடுத்துக் கொடுத்தாள்.

* * *

முதலாளி அன்று சாயங்காலமே வந்துவிட்டார். மாடிப்படியில் அவருடைய சென்ட் முதலில் வந்தது.

"என்ன ஆவுடை, ஓட்டையும் பொத்தலுமா? ஆனா மாடர்னா இருக்குளா. மேல்மாடி புதுசா எடுக்கோம், அங்க ஏசி ஹாலுக்கு நல்லாருக்கும். மடிச்சுக் கவர்ல போடு."

ஆவுடையம்மாளின் கை எழுந்தது. அதுவாக எழுந்தது. துணியைத் தொட்டது, மடிக்கப் பார்த்தது.

மடியவில்லை.

அவள் முகம் மலர்ந்தது. டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள்.

"மடியாட்டா என்ன?" என்றார் முதலாளி. "பையன் ரெண்டு பேர அனுப்புதேன். அப்படியே தூக்கிட்டு வந்துருவானுவ. கண்ணாடி ஃப்ரேம் போட்டுக்கிடுதேன்."

ஆவுடையம்மாளின் முகம் விழுந்தது. மறுபடியும் டீச்சரைப் பார்த்தாள்.

ஜெபராணி டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொடுக்க டீச்சரிடம் விடை எதுவும் இல்லை என்று அப்போதுதான் ஆவுடையம்மாளுக்குத் தெரிந்தது. முதலிலிருந்தே இருந்திருக்காது.

அவள் துணியின் அந்தப் பக்கம் பார்த்தாள். எதிர்ச்சாரியில் பவளக்கொடியின் பெரிய கண்ணாடி. உள்ளே நல்ல வெளிச்சம். கத்திரிப்பூச் சேலையில் பெண்கள் வரிசையாய் நின்றார்கள். எல்லார் கண்ணும் இந்தப் பால்கனி மேல்தான்.

"வாங்குறது அப்புறம் அண்ணாச்சி" என்றாள், சேலை விரிக்கிற அதே குரலில். "முதல்ல இங்கன வந்து நின்னு பாருங்க. பாக்குறதுக்குக் காசில்ல."

முதலாளி வந்து, அவள் காட்டிய இடத்தில் நின்றார். ஓட்டை வழியாகத் தெருவைத் தாண்டித் தன் கடையைப் பார்த்தார்.

ஒரு சிவப்பு நாற்காலியில் பிளவுஸ் பிரிவுக்காரி உட்கார்ந்திருந்தாள். முக்காலியில் பில் போடுகிறவள். சாய்வு நாற்காலியில், நிறைமாதம் ஆகப்போகிற ஒருத்தி, வயிற்றில் கை வைத்துக்கொண்டு.

முதலாளி தலையைச் சாய்த்தார். வேறு இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். நிமிர்ந்தார். இன்னொருத்தி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அவர் ஒதுங்கி, துணியில்லாத பக்கமாகக் கழுத்தை நீட்டிப் பார்த்தார். எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

வயிற்றில் கை வைத்திருந்தவள், வாடிக்கையாளர் உட்காருகிற ஸ்டூல் ஒன்றைக் காலால் இழுத்து உட்கார்ந்தாள்.

"ஏய்! யாருளா அது உக்காந்திருக்கது?" என்று முதலாளி கத்தினார். தெருவில் போன மாடு நின்று திரும்பிப் பார்த்தது.

"யாரச் சொல்லுதிய அண்ணாச்சி?" என்றாள் ஆவுடையம்மாள். "துணியில உள்ளவளையா, கடையில உள்ளவளையா?"

அவர் வாயைத் திறக்குமுன் எதிரே கடைக்குள் இன்னொருத்தி உட்கார்ந்தாள்.