களஞ்சியத்துப் பூனை இளைத்த கதை

வெகுகாலத்துக்கு முன்னால் தென்பாளை நாட்டை வாணராயன் என்றோர் அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் கெட்ட செய்தி மட்டும் அவன் காதுக்கு ஆகாது. யாராவது அப்படி ஒன்றைக் கொண்டுவந்தால், "போய் அரண்மனைக் குளத்துத் தவளைகளை எண்ணிவிட்டு வா" என்று அனுப்பிவிடுவான். தவளை ஓரிடத்தில் உட்கார்ந்தால்தானே எண்ணி முடிக்க? போனவர்களில் பலர் இன்னும் குளக்கரையிலேயே இருந்தார்கள்.

அமைச்சர் மாசிலாமணி அதிகம் பேசமாட்டார். ஆனால் அவர் கண் சும்மா இருக்காது.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். அறுவடை முடிந்ததும் குடியானவர்கள் நெல்லை அரசுக் களஞ்சியத்தில் போட்டுவிட்டு, முத்திரை குத்திய மண் வில்லைகளை வாங்கிக்கொள்வார்கள். ஒரு வில்லைக்கு ஒரு மரக்கால் நெல். வேண்டும்போது வில்லையைக் கொடுத்து நெல்லைத் திரும்பப் பெறலாம். கடைத்தெருவிலும் அது காசுபோலச் செல்லும். களஞ்சியத்தின் அதிகாரி உலகுடையார். சபையில் அரசனுக்குப் பக்கத்து ஆசனம் தனக்கில்லாமல் மாசிலாமணிக்கு இருப்பது அவருக்குத் தூக்கத்திலும் உறுத்தும்.

ஆனி மாதத்தில் ஒருநாள் பூக்காரி ஒருத்தி அமைச்சர் நீட்டிய வில்லையை வாங்கவில்லை.

"செப்புக்காசு இருந்தா குடுங்கய்யா."

"ஏம்மா, அரச முத்திரைதானே?"

"முத்திரை நல்லாத்தான் இருக்கு. மீன்காரர்தான் ஒண்ணு வாங்கின இடத்துல இப்ப ரெண்டு கேக்கறார்."

அடுத்த தெருமுனையில் உலகுடையாரின் ஆள் தண்டோரா போட்டுக்கொண்டிருந்தான். "பத்து மரக்கால் போடுங்கள், தை மாதம் பதினைந்தாக வாங்கிக்கொள்ளுங்கள்."

களஞ்சியம் நிறைய நெல் வைத்திருப்பவர் எதற்கு இப்படிக் கூவி அழைக்கிறார் என்று யோசித்துக்கொண்டே மாசிலாமணி அரண்மனைக்கு வந்தார். சமையற்கட்டு வாசலில் காது கிழிந்த பூனை ஒன்று மோர்ச்சோற்றை நக்கிக்கொண்டிருந்தது.

"இது களஞ்சியத்துப் பூனையல்லவா?"

"ஆமாங்கய்யா," என்றார் சமையற்காரர். "ஒரு மாசமா இங்கதான் குடித்தனம்."

அமைச்சர் மனசுக்குள் கணக்குப் போட்டார். எலி இருந்தால் பூனை மோர்ச்சோற்றுக்கு ஏன் வருகிறது? நெல் இருந்தால் எலி ஏன் போகிறது? ஆடி பிறந்தால் ஊரே விதைநெல் கேட்டு ஒன்றாக வந்து நிற்கும். அன்றைக்குக் கை விரித்தால் விதைப்பு இல்லை, அடுத்த வருடம் சோறும் இல்லை.

சபையில் சொன்னார். அரசன் முகம் சுருங்கியது. உலகுடையார் சிரித்தார்.

"பூனை சொல்லிக் கணக்குப் பார்க்கிறார் நம் அமைச்சர். தாராளமாகக் கதவைத் திறந்து சோதிக்கட்டும். ஆனால் அரசே, சோதனை என்று தெரிந்தாலே ஊர் மொத்தமும் வில்லையோடு ஓடிவரும். அந்தப் பழி என் தலையில் விழக்கூடாது."

மாசிலாமணியும் அதற்குத்தான் பயந்தார்.

"கதவைத் திறக்காமல், ஊருக்குத் தெரியாமல் நிரூபியும்," என்றான் அரசன். "பௌர்ணமிக்குள் முடியாவிட்டால் தலைப்பாகையை உலகுடையாரிடம் கொடுத்துவிட்டுக் குளக்கரைக்குப் போம்."

"ஆகட்டும் அரசே. அதுவரை மனசுக்கு இதமாக ஒரு போட்டி வைப்போமா? நாட்டிலேயே கொழுத்த பூனைக்குப் பரிசு."

அரசன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "என்ன பரிசு?"

"வளர்த்தவருக்கு என் ஆசனம்."

உலகுடையார் அன்றே வீட்டுக்கு விரைந்தார்.

பௌர்ணமியன்று பூனைகள் வந்து குவிந்தன. கடைசிச் சுற்று உள்மண்டபத்தில், அரசன் முன்னால் மட்டும். உலகுடையாரின் பூனையைத் தொட்டிலில் வைத்து இரண்டு ஆட்கள் தூக்கிவந்தார்கள். பூசணிக்காய்க்கு வால் முளைத்ததுபோல இருந்தது. அரசன் மடியில் எடுத்துப் பார்த்து மூச்சு வாங்கினான்.

"ஒரு நிபந்தனை," என்றார் மாசிலாமணி. "பாலூற்றிக் கொழுக்க வைத்த பூனைக்குப் பரிசில்லை."

"பாலா?" உலகுடையார் மார்பைத் தட்டினார். "ஒரு சொட்டுக் கொடுத்ததில்லை, சத்தியம். எல்லாம் சொந்த வேட்டை. என் வீட்டுப் பின்கட்டைத் தாண்டிப் போனதே கிடையாது."

"அப்படியானால் பின்கட்டில் அவ்வளவு எலியா?"

"எக்கச்சக்க..." என்று தொடங்கிய உலகுடையார் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மாசிலாமணி மேல்துண்டுக்குள்ளிருந்து காது கிழிந்த பூனையை எடுத்துக் கீழே விட்டார். விலா எலும்பு தெரிந்தது.

"அரசே, இது களஞ்சியத்தில் பிறந்து வளர்ந்தது. நாட்டு நெல்லெல்லாம் இருக்கும் இடத்துப் பூனை இப்படி இருக்கிறது. இரண்டு பேர் சாப்பிடும் வீட்டுப் பூனையைத் தூக்க இரண்டு ஆள் வேண்டியிருக்கிறது. நம்மிடம் பொய் சொல்லலாம், எலியிடம் முடியுமா? நெல் போன இடத்துக்கு அதுவும் போய்விட்டது."

அரசன் மெதுவாகக் கேட்டான். "உலகுடையாரே, பின்கட்டில் என்ன வைத்திருக்கிறீர்?"

"ஆடியில் விலை ஏறும்போது விற்கலாமென்று... கொஞ்சம்..." என்று இழுத்தார் அவர்.

அரசன் காவலர்களைக் கூப்பிட வாயெடுத்தான். மாசிலாமணி தடுத்தார்.

"காவலர் போனால் ஊர் பதறிவிடும். வென்ற பூனைக்கு ஊர்வலம் விடுவோம். உலகுடையார் சந்தோஷத்தில் களஞ்சியத்துக்கு நெல் கொடுக்கிறார் என்று சொல்லிவிடலாம்."

அன்று மாலை மேளம் முழங்க, பூனை முன்னே போக, நெல் வண்டிகள் வரிசையாகக் களஞ்சியத்துக்குள் நுழைந்தன. முதல் வண்டியை உலகுடையாரே வியர்க்க வியர்க்க இழுத்தார். "என்ன தாராள மனசு" என்று ஊர் வியந்தது. குறைந்த பங்குக்கு அவருடைய வயல்கள் ஈடாயின. மறுநாள் பூக்காரி வில்லையை வாங்கிக்கொண்டு, ஒரு முழம் கூடவே அளந்தாள்.

"அமைச்சரே, உமக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டான் அரசன்.

"குளக்கரையில் இருப்பவர்களைத் திரும்பக் கூப்பிடுங்கள். அதில் இரண்டு பேர் இதையே சொல்லத்தான் சித்திரையில் வந்தார்கள்."

அரசன் ஆசனத்தை விட்டு எழுந்தான். பிறகு தானே குளக்கரைக்கு நடந்துபோய் அவர்களை அழைத்துவந்தான்.

அதற்குப் பிறகு தென்பாளையில் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் காது கிழிந்த பூனை சபைக்கு வரும். அரசன் அதன் வயிற்றைத் தடவிப் பார்த்த பிறகுதான் சாப்பிடப் போவான். அப்போது குளக்கரைப் பக்கமிருந்து உலகுடையாரின் ஒற்றைக் குரல் கேட்கும்.

"முப்பத்தேழு... அட, நீ முன்னாடியே வந்தவன்தானே?"