தலை சாய்ந்த தொட்டி

ஆறுமுகநயினார் ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தத்தில் பால் காய்ச்சிப் புது வீட்டுக்குக் குடிவந்தார். மூன்றாம் நாள் ஆடி பிறந்தது, கூடவே காற்றும். செம்மணல் சோற்றில் விழுந்தது, பாயில் விழுந்தது, மூக்குக் கண்ணாடியில் படிந்தது. வீடு தேரிக்காட்டின் ஓரத்தில் இருந்தது.

தேரி என்பது சிவப்பு மணல்மேடு. காற்றடித்தால் இடம் மாறும். அதைப் பாலைவனம் என்று சொன்னால், முப்பத்திரண்டு வருடம் பூகோளம் நடத்திய நயினார் மழையளவைச் சொல்லி மறுப்பார். நடந்து பார்த்தவர்கள் மறுப்பதில்லை.

அங்கே வந்ததற்குக் காரணம் அவருடைய குரு தங்கபுஷ்பம். சீடரைவிட இருபது வயது இளையவர். எட்டு வருடம் சனிக்கிழமைதோறும் பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்து பாடம் கேட்ட நயினார், ஓய்வு பெற்றதும் குருவின் தெருவிலேயே குடியேறிவிட்டார். அன்றிலிருந்து ஞானத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வீட்டைக் குறை சொன்னார்.

குறைகளை நோட்டில் எண் போட்டு எழுதியிருந்தார். முதலாவது, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி. மேஸ்திரி ஒரு பக்கம் ஒரு வரிசை செங்கலைக் குறைத்துவிட்டதில் அது சாய்ந்து நின்றது. தெருவில் இருபது தொட்டி இருக்க, இது ஒன்றுதான் ஒட்டுக்கேட்கிறவன் மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறது என்பார்.

பாளையங்கோட்டை வீட்டுச் சாவி இன்னும் அவர் அரைஞாணில்தான் கிடந்தது. அந்த வீட்டுக்கு வாடகைக்கு வருகிறவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குச் சாவி வாங்க வருவதாக இருந்தது. கொடுத்துவிட்டால் திரும்பிப் போக இடமில்லை. அன்று காலை ஏழரை மணிக்கு நயினார் குருவின் வாசலில் நின்றார்.

"அம்மா, ஒரு வீடு நம்ம வீடாக எத்தனை நாள் ஆகும்?"

தங்கபுஷ்பம் செருப்பை மாட்டினார். தேரிக்கு அந்தப் பக்கம் போய் அய்யனாரைக் கும்பிட்டுவிட்டு வரலாம், வந்து சொல்கிறேன் என்றார்.

போகும்போது குரு முன்னால் நடந்தார். நயினார் குறைகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே பின்னால் நடந்தார். கோயிலில் திருநீறு பூசிக்கொண்டு வெளியே வந்ததும் குரு நின்றுவிட்டார்.

"இனி நீங்க முன்னால போங்க, அண்ணாச்சி. எனக்கு வழி தெரியாதுன்னு வச்சுக்கிடுங்க."

பரீட்சை என்று நயினாருக்குப் புரிந்தது. வந்த காலடிகளைப் பிடித்துக்கொண்டு போனால் ஆயிற்று என்று நினைத்தார். பத்தடியில் காலடிகள் முடிந்துபோயின. காற்று துடைத்திருந்தது. வரும்போது ஒரு பனையை அடையாளம் வைத்திருந்தார். எல்லாப் பனைக்கும் அதே அடையாளம் இருந்தது. பையிலிருந்து பள்ளிக்கூடத்துக் காம்பஸை எடுத்தார். அது வடக்கைச் சரியாகக் காட்டியது. வீட்டைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியவில்லை.

முக்கால் மணி நேரம் நடந்து ஒரு முந்திரி மரத்தடிக்கு வந்தார்கள்.

"இந்த மரத்தை முன்னமே பார்த்திருக்கோம்லா, அண்ணாச்சி" என்றார் குரு.

பாட்டிலில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. நயினார் கையையும் காலையும் ஊன்றிப் பெரிய மேட்டில் ஏறினார். உச்சியில் நின்று பார்த்தால் மூன்று திசையில் மூன்று குடியிருப்பு. மூன்றிலும் வெள்ளைச் சுவர்கள், மேலே வரிசையாக நீலத் தொட்டிகள். கண்ணாடியை வேட்டியில் துடைத்து மாட்டிக்கொண்டு, தொட்டி தொட்டியாகப் பார்த்தார். முதல் வரிசையில் எல்லாம் நேராக நின்றன. இரண்டாவதிலும் அப்படித்தான். மூன்றாவது வரிசையில் ஒன்று தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது.

"அந்தா நிக்குது" என்றார். "நம்ம வீடு."

குரு அதற்குள் அந்தப் பக்கமாக இறங்கத் தொடங்கியிருந்தார்.

பத்தரை மணிக்கு நயினார் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். நயினார் குழாயைத் திறந்து கால் கழுவினார். தண்ணீர் உப்பாகவும் சூடாகவும் இருந்தது. நோட்டில் அது நான்காவது குறை. சொல்ல மறந்துவிட்டார். சாவிக்கு ஆள் வர அரை மணி நேரம் இருந்தது.

"நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலையே, அம்மா."

தங்கபுஷ்பம் செருப்பைப் படியில் தட்டி மணலை உதிர்த்தார்.

"நோட்டுல எழுதிக்கிடுங்க. மூணு மணி நேரம்."

நயினார் நோட்டை எடுக்கவில்லை. அரைஞாண் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.