உச்சிவேட்டும் சீர்க்குங்குமமும்

ரொம்ப காலத்துக்கு முந்தி செங்கரை நாட்டை மாறவேலன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. கடைசியாகக் காதில் பேசினவர் சொன்னதே சரி என்று நினைக்கிற ஆள். அந்தக் காதுக்குப் பக்கத்திலேயே குடியிருந்தவர் ஆயுதசாலை அதிகாரி ரணசிங்கர். கப்பல்காரர்கள் துப்பாக்கிகளைக் கொண்டுவந்து இறக்கியதும், "வீட்டுக்கு ஒன்று கொடுங்கள் மன்னா, கள்ளன் எட்டிப் பார்க்க மாட்டான்" என்று ஓதியவர் அவர்தான். ராஜாவும் கொடுத்துவிட்டான்.

அந்த ஊர்க் கோயிலில் தினமும் உச்சிவேளைக்கு ஒரு வேட்டுப் போடுவார்கள். அதைக் கேட்டுத்தான் உழவன் ஏரை அவிழ்ப்பான். பங்குனித் தேர் நிலைக்கு வந்தாலும் அதே வேட்டுதான். பிறந்ததிலிருந்து எல்லோரும் கேட்ட சத்தம். அந்த வருஷம் தேருக்கு ஆண்கள் தோளில் துப்பாக்கியோடு வந்தார்கள். வேட்டு வெடித்தது. தன்னைத்தான் யாரோ சுடுகிறார்கள் என்று ஒருவன் பதறிச் சுட்டான். அவனைக் கள்ளன் என்று நினைத்து இன்னொருவன் சுட்டான். புகை அடங்கியபோது தேர்வடத்தின்மேல் ஒன்பது பேர் செத்துக் கிடந்தார்கள். அதில் ஒருவன் அமைச்சர் கார்மேகநம்பியின் மருமகன். கல்யாணமாகி ஏழே மாதம்.

அதன்பிறகு நம்பி வீட்டில் யாரும் உரக்கப் பேசவில்லை. மகள் செவ்வந்தி சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். உச்சிவேட்டுக் கேட்டால் மட்டும் உடம்பெல்லாம் நடுங்கும். "ஒரு வாய் சாப்பிடும்மா" என்பார். "வைங்கப்பா" என்பாள். சோறு காய்ந்துபோகும். நாட்டுக்கே யோசனை சொல்கிற மனிதருக்குப் பெற்ற மகளிடம் சொல்ல ஒரு வார்த்தை அகப்படவில்லை.

காரியம் முடிந்து அவர் சபைக்குப் போன அன்று ரணசிங்கர் பேசிக்கொண்டிருந்தார். "தேரில் செத்தது துப்பாக்கி போதாததால் மன்னா. எல்லோரிடமும் இருந்திருந்தால் முதலில் சுட்டவனை அங்கேயே முடித்திருப்பார்கள். வீட்டுக்கு இரண்டாகக் கொடுப்போம்."

"பனங்காட்டு நாட்டில் துப்பாக்கியை ஊர்ச் சாவடியில் பூட்டி வைக்கிறார்கள்" என்றார் நம்பி. "பன்றி விரட்டப் போகிறவனுக்கு மட்டும் எடுத்துக் கொடுப்பார்கள்."

"அவர்கள் சாதுக்கள், அமைச்சரே."

"சாதுக்களா? நம்மைவிடக் கோபக்காரர்கள். குடுமியைப் பிடித்து உருளுவார்கள். மறுநாள் மண்டையில் கட்டோடு பஞ்சாயத்துக்கு வருவார்கள். நம் ஊரில் பஞ்சாயத்துக்கு வர ஆள் மிஞ்சவில்லை."

ராஜா தாடியைத் தடவினான். "கிழக்குத் தீவில் வீட்டுக்கு வீடு இருக்கிறதாமே. அங்கே அமைதியாகத்தானே இருக்கிறார்கள்?"

"அங்கே நாலு பேர் ஜாமீன் நின்றால்தான் ஒருவனுக்குக் கிடைக்கும், மன்னா. நாம் யாரிடமாவது ஜாமீன் கேட்டோமா?"

"மருமகனைப் பறிகொடுத்த துக்கம் பேசுகிறது" என்றார் ரணசிங்கர்.

"துக்கம்தான் பேசுகிறது. அது பேசாமல் வேறு எது பேச வேண்டும்?"

ராஜாவுக்குச் சலிப்புத் தட்டிவிட்டது. "நாளை பொழுது சாய்வதற்குள் ரணசிங்கர் சொல்வது தப்பு என்று காட்டும். முடியாவிட்டால் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போம். இரண்டாவது துப்பாக்கி வீடு வீடாகப் போகும்."

"சரி மன்னா. ஆனால் இந்தச் சபைக்கு வரும்போது ஆயுதத்தை ஏன் வாசலில் விட்டுவிட்டு வருகிறோம்? குடிமக்களுக்கு நல்லது நமக்கும் நல்லதுதானே? நாளை எல்லோரும் மருந்து கெட்டித்த துப்பாக்கியோடு உட்காருவோம்."

ரணசிங்கரால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. வாசல் காவல் நம்பியின் பொறுப்பு. துப்பாக்கிகளைக் கெட்டித்து நீட்டுவது அவருடைய ஆட்கள். அன்று மாலை வீட்டுக்குப் போனவர் செவ்வந்தியிடம் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். அவள் மறுபேச்சில்லாமல் எழுந்துபோய் எடுத்துவந்து கொடுத்தாள்.

மறுநாள் சபையில் இருபது துப்பாக்கி, மருந்தைப் பற்றவைக்க இருபது புகைகிற திரி. ஒரே இருமல். வரப்புத் தகராறில் இருந்த இரண்டு அதிகாரிகள் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூக்கைச் சொறியக்கூட ஒருவரும் கையைத் தூக்கவில்லை. ராஜா ஒரு சிரிப்புச் சிரித்துப் பார்த்தான், யாரும் கூடச் சிரிக்கவில்லை.

அப்போது கோயிலில் உச்சிவேட்டு வெடித்தது.

இருபது துப்பாக்கியும் ஒன்றாக உயர்ந்தன. யார் முதலில் சுட்டார் என்று இன்றுவரை தெரியாது. படபடவென்று வெடித்துச் சபையே புகைக்குள் போனது. புகை கலைந்தபோது எல்லோரும் தரையில் கிடந்தார்கள். பலர் உடம்பெல்லாம் சிவப்பு. ராஜா சிம்மாசனத்துக்கு அடியிலிருந்து தவழ்ந்து வந்து நெஞ்சைத் தொட்டுப் பார்த்தான். விரல் சிவந்திருந்தது.

"குங்குமம் மன்னா" என்றார் நம்பி. "குண்டை எடுக்கச் சொல்லிவிட்டு இதைப் போடச் சொன்னேன். நான் வேறொன்றும் செய்யவில்லை. அது தினமும் கேட்கிற வேட்டுதான்."

ராஜா ஒவ்வொருவராகப் பார்த்தான். பதினான்கு பேர்மேல் குங்குமம். அவனுக்கு நேராக இன்னும் நீண்டிருந்தது, தரையில் கிடந்த ரணசிங்கரின் துப்பாக்கி.

"நான்... கள்ளன் என்று நினைத்து, மன்னா..."

"முப்பது வருஷமாக என் பக்கத்தில் நிற்கிறீர், ரணசிங்கரே" என்றான் ராஜா. "இனி வீடு வீடாக நீரே போய்த் துப்பாக்கிகளை வாங்கிவந்து சாவடிகளில் பூட்டும். செத்த ஒன்பது பேர் வீட்டிலிருந்து தொடங்கும். வாசலில் நின்று, எதற்கு வந்தீர் என்று உம் வாயாலேயே சொல்லும்."

ரணசிங்கர் துப்பாக்கியைக் கீழே வைத்தார். ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி நம்பியிடம் நீட்டினான். "உம் புத்திக்கு இது. இவ்வளவு குங்குமம் எங்கே வாங்கினீர்?"

"வாங்கவில்லை மன்னா. என் மகளுக்குக் கல்யாணச் சீரில் வந்த குங்குமச் செம்பு. வாய்மட்டம்கூடக் குறையாமல் இருந்தது. இனி அவளுக்கு வேண்டாமாம்."

நீட்டிய கை அப்படியே நின்றது. நம்பி மாலையை வாங்கவில்லை. "கேட்கச் சொன்னால் ஒன்று கேட்பேன். அந்த உச்சிவேட்டை நிறுத்துங்கள். வேறு எதையாவது அடிக்கட்டும்."

மறுநாளிலிருந்து செங்கரையில் உச்சிவேளைக்கு மணிதான். மணி கேட்டு உழவர்கள் ஏரை அவிழ்த்தார்கள். நம்பி மகளுக்கு எதிரே சோற்றை வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். செவ்வந்தி நடுங்கவில்லை. சாப்பிடவும் இல்லை.