பலகையில் வராத சிலந்தி

மலைமேல் மழைக்காட்டின் நடுவே, சிலந்தி ஆராய்ச்சிக்கென்று ஓர் ஓட்டுக் கட்டடம். அங்கே காதர் முகைதீன் சார் இருந்தார். சிலந்திகளைப் பற்றி அவருக்குத் தெரியாதது சிலந்திகளுக்கே தெரியாது என்று அவருடைய சீடர்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டு, "சும்மா கெடங்கடே" என்று அவர் குரலிலேயே தங்களை அதட்டியும் கொள்வார்கள்.

சீடர்கள் இருவர். மூத்தவன் சுடலைமுத்து. பல வருஷமாக அட்டைக்கடியோடு அங்கேயே கிடக்கிறவன். இளையவள் பெனிட்டா, போன மழைக்கு வந்தவள்.

வந்தவள் சும்மா இருந்தாளா? ஓடைக்குப் போகிற பாதையில் ஓர் ஏலச்செடியின் இலையைத் திருப்பினாள். அடியில் பச்சைச் சிலந்தி. முதுகில் இரண்டு மஞ்சள் கோடு. அதுவரை உலகத்தில் யாரும் எழுதாத இனம்.

அந்தப் பாதையில் சுடலை தினமும் போவான். அந்த இலை தினமும் அவன் தோளில் இடிக்கும்.

"வாழ்த்துகள் பெனிட்டா," என்றான். சொல்லும்போதே வேப்பங்கொழுந்தை மென்ற முகமாக ஆகிவிட்டது.

அவன் வயிறு எரிந்ததற்குக் காரணம் இருந்தது. புது இனத்தை முதலில் எழுதி வெளியிடுகிறவரின் பேர், அந்த இனத்தின் பேருக்குப் பின்னாலேயே காலத்துக்கும் நிற்கும். அது அந்தத் தொழிலின் வழக்கம். கூட நடந்தவன், குடை பிடித்தவன், குப்பி கழுவியவன் எல்லாருக்கும் கட்டுரையின் கடைசியில் ஒரு நன்றி. சுடலையிடம் நன்றி நிறையச் சேர்ந்திருந்தது. பேர்தான் ஒன்றுகூட இல்லை.

பெனிட்டாவிடம் இருந்தது பெண் சிலந்தி. ஆண் சிலந்தியையும் கண்டுபிடித்து எழுதினால்தான் கட்டுரையை அனுப்புவேன் என்று அவள் நின்றாள்.

'அனுப்பாம இருக்கட்டும். அதுக்குள்ள நமக்கும் ஒண்ணு ஆப்பிடாமலா போயிரும்?' என்று சுடலை காட்டுக்குள் இறங்கினான். எங்கெங்கோ போவதாகத்தான் நினைப்பு. கால் மட்டும் அந்த ஏலச்செடிக்கே கூட்டிப்போய் நிறுத்தியது.

அதே இலை. இப்போது அங்கே இன்னொரு பச்சைச் சிலந்தி குடியிருந்தது. அதன் வலையோரத்தில் எள்ளளவுக்குப் பழுப்பாக ஒன்று ஒண்டிக்கொண்டிருந்தது.

சிலந்திகளில் ஆண், பெண்ணைவிடப் பொடிசாக, வேறு நிறத்தில் இருப்பதுண்டு. அது சுடலைக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்கவும் தெரியும்.

"இது வேற இனம்டே," என்று தனக்குத்தானே காதர் சார் குரலில் சொல்லிப் பார்த்தான். நம்பும்படியாகவே இருந்தது. பழுப்பைக் குப்பியில் பிடித்துக்கொண்டான்.

அன்று பகல் முழுக்க உட்கார்ந்து எழுதினான். ஒரு கண் நுண்ணோக்கியில். இன்னொரு கண் பக்கத்து மேஜையில், பெனிட்டா வரைந்து வைத்திருந்த படத்தில்.

சாயங்காலம் சார் முன்னால் போய் நின்றான்.

"சார், எங்கிட்டயும் ஒரு புது இனம் இருக்கு. எழுதியே முடிச்சிட்டேன்."

"அப்படியா! நல்லதுடே."

"அவளுக்கு முன்னாடி அனுப்பிரலாமா சார்? யாரு முந்துதாங்களோ அவங்க பேருதானே நிக்கும்?"

சார் டீயைக் குடித்து முடித்து, சாக்பீஸ் டப்பாவை எடுத்தார்.

சுடலைக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கட்டடத்திலிருந்து எந்தக் கட்டுரை போவதானாலும் முதலில் கரும்பலகைக்குப் போக வேண்டும். கூடப் படிக்கிறவர் அதை உரக்க வாசிப்பார். சார் சிலந்தியைப் பார்க்க மாட்டார். காதில் விழுவதை மட்டும் வைத்துப் பலகையில் வரைவார். வரைந்ததும் குப்பியில் இருப்பதும் ஒத்துப்போனால்தான் கட்டுரை மலையிறங்கும்.

"நானே வாசிச்சிரட்டா சார்? தொண்டை நல்லாத்தான் இருக்கு."

"பெனிட்டா, இங்க வாம்மா."

பெனிட்டா வந்து தாளை வாங்கினாள். முதல் வரியிலேயே நின்றாள்.

"'பெனிட்டாவின் சிலந்தியைவிடச் சிறியது.' அண்ணே, இதையா வாசிக்கணும்?"

"ஒப்பிட்டுத்தானே காட்டணும்? வாசி, வாசி."

சார் பச்சை சாக்பீஸால் பெரிதாக ஒரு சிலந்தி வரைந்தார். மஞ்சளில் இரண்டு கோடும் போட்டார்.

"சார், அது அவளோடது," என்றான் சுடலை.

"எதைவிடச் சின்னதுன்னு எனக்குத் தெரியணும்லாடே? நீ வாசிம்மா."

"'அதைப் போலப் பச்சை கிடையாது.'"

சார் பச்சையைத் துடைத்தார். வெள்ளையில் வெறும் உருவக்கோடு போட்டார்.

"'அதன் முதுகிலுள்ள மஞ்சள் கோடுகள் இதற்கு இல்லை.'"

கோடுகள் போயின.

"'கால்கள் அதன் கால்களைப் போல நீண்டவை அல்ல.'"

எட்டுக் காலையும் துடைத்தார். பலகையில் கொழுக்கட்டை மாதிரி ஓர் உருண்டை மிச்சமிருந்தது. பெனிட்டா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சிரிக்காம வாசி," என்றான் சுடலை.

"'வயிறும் அதைப் போல உருண்டை அல்ல.'"

கொழுக்கட்டையும் போயிற்று. சார் சாக்பீஸ் தூளில் இருமினார்.

"இன்னும் இருக்காம்மா?"

"ஒரே ஒரு வரி சார். 'கிடைத்த இடம்: ஓடைப் பாதை, ஏலச்செடி. பெனிட்டாவின் சிலந்தி இருந்த அதே இலை.'"

இடத்தை மட்டும் மாற்றி எழுதச் சுடலைக்குக் கை வரவில்லை. அந்த விஷயத்தில் சார் அவனைப் பழக்கியிருந்தது அப்படி.

பெனிட்டா தாளை இறக்கினாள். கண் அகல விரிந்தது.

"அதே இலையா? அண்ணே! ஆணாண்ணே?"

"அதெல்லாம் இல்ல. வேற இனம்."

"ஆணா இருந்தாலும் இருக்கும்லா? வாய்ப்பக்கத்து முன்னங்கையைப் பாத்தீங்களா, ஆணுக்கு இருக்கற மாதிரி முனை தடிச்சிருக்கான்னு?"

"எனக்கு நீ சொல்லித் தாரியோ?"

அவள் தாளை மடிக்காமல் அவனிடமே நீட்டினாள். அவன் வாங்கவில்லை. பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். துடைத்த தடம்தான் வெள்ளையாகக் கிடந்தது.

"சார்," என்றான். "என் சிலந்தி எங்க சார்?"

காதர் முகைதீன் சார் கையிலிருந்த தூளைத் தட்டிவிட்டார்.

"நான் பாக்கலையேடே. நீ பாத்தியா?"

சுடலை பக்கத்து மேஜைக்குப் போய், பெனிட்டாவின் படத்தைக் கவிழ்த்து வைத்தான். பிறகு தன் குப்பியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, நுண்ணோக்கியின் விளக்கைப் போட்டு, இரண்டு கண்ணையும் அதில் வைத்தான்.